குழாய் வழியே வந்த மெட்டு

மூத்தவள் பாத்திரம் கழுவும்போது ஒரு மெட்டை முணுமுணுக்கிறாள். சொல் எதுவும் இல்லை, துள்ளித் துள்ளி ஓடுகிற மெட்டு. எங்கே பழகினாய் என்று கேட்டேன். "தெரியா அப்பா, சின்னனிலை இருந்தே வாயிலை வரும்" என்றாள். எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். ரொறன்ரோவில், பார்க்டேல் பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் ஒருவர் இருந்தார். அவர் செய்த மெட்டு அது. அவருடையது என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் வாசியுங்கள்.

அவர் பிரான்ஸ்காரர். எழுபது வயது தாண்டியிருக்கும். கட்டடத்துத் தமிழ்ச் சனம் எல்லாம் அவரைப் பியானோக்காரர் என்றே சொல்லும், பெயரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்குப் பெயர் தெரியும். ஆனால் இங்கே எழுதவில்லை.

யாராவது தன்னோடு பேசினால் அவர் முகத்தைப் பார்க்கமாட்டார். தலையைத் திருப்பி இடது காதை நீட்டுவார். முதலில் பார்ப்பவர்கள் மரியாதை தெரியாத மனிதர் என்று நினைப்பார்கள். கொஞ்ச நேரம் போனால் வேறு விதமான பயம் வரும். நாம் என்ன சொல்கிறோம் என்பதை இவர் கேட்கவில்லை, வேறு எதையோ கேட்கிறார் என்று தோன்றும். அது உண்மைதான்.

நான் கனடாவுக்கு வரமுன் இரண்டு வருடம் பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். அந்தச் சமையலறைப் பிரெஞ்சுதான் எங்களைச் சேர்த்தது. லிஃப்ற் கதவு மூடாமல் இழுபட்ட ஒரு நாள், கடையில் எங்கள் குசினித் தலைமைச் சமையல்காரர் திட்டுகிற மாதிரியே அதைத் திட்டினேன். பக்கத்தில் நின்றவர் காதை நீட்டினார். "இன்னொரு முறை சொல்" என்றார். சொன்னேன். "மார்செய் பக்கத்துச் சமையல்காரனிடம் பழகியிருக்கிறாய்" என்றார். சரியாகச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் பிரெஞ்சில்தான். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

அவருடைய தொழில் இலேசான ஒபெரா எழுதுவது. ஒபெரா என்றால் முழுக்கப் பாட்டாகவே நடக்கிற நாடகம். அதில் கத்திக்குத்துப் பட்டவன்கூடப் பாடி முடித்துவிட்டுத்தான் சாவான். இலேசான ஒபெரா அப்படியல்ல. கொஞ்சம் பேச்சு, நிறையப் பாட்டு, ஆட்டம், ஆள்மாறாட்டம், கடைசியில் ஒரு கல்யாணம். "என் நாடகத்தில் ஒருவரும் சாவதில்லை. நான் விடமாட்டேன்" என்று சொல்லுவார்.

மெட்டுகள் எப்படி வருகின்றன என்று ஒருமுறை கேட்டேன்.

"வெறும் காற்றிலிருந்து எனக்கு ஒன்றும் வராது. மற்றவர்களுக்கு வரும், நான் அவ்வளவு பெரியவன் இல்லை. மனிதர் வாயிலிருந்து எடுப்பேன். சொல்லைத் தூக்கி எறிந்துவிடுவேன். ஏற்றமும் இறக்கமும் இருந்தால் போதும். பிறகு வேகமாக்குவேன். வேகமாக்கினால் உலகத்தில் எல்லாமே சிரிப்பாகிவிடும்."

இதை அவர் பெருமையாகச் சொன்னார். நானும் சிரித்தேன்.

அவருடைய அப்பா துறைமுக ஊரொன்றில் முடி திருத்துபவர். கடைக்கு வந்தவர்கள் நாற்காலியில் இருந்துகொண்டு போட்ட சண்டைகளை வைத்து முதல் நாடகம் செய்தாராம். சவரக் கத்தி கழுத்தில் இருக்கிறபோது சண்டை போடுகிறவன் குரலில் ஒரு தனி அழகு உண்டு என்பார். இரண்டாவது நாடகத்தில் ஊர் மேயருடைய இருமலை ஒரு கோஷ்டிப் பாட்டாக்கினார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது, மேயர் நாடகக் கொட்டகையைப் பூட்டினார். வேறு ஊருக்குப் போனார். அங்கே தன் மனைவி தன்னை ஏசுகிற விதத்தை எடுத்தார். அவருடைய பாட்டுகளில் அதுதான் மிகவும் ஓடிய பாட்டு. ஊர்ச் சிறுவர்கள் அதைச் சீட்டியடித்தார்கள். மனைவி சந்தைக்குப் போனால் பின்னால் சீட்டி, கோயிலுக்குப் போனால் பின்னால் சீட்டி. ஒரு நாள் அந்த அம்மா ரயில் ஏறிப் போய்விட்டார்.

"என்ன செய்வது, பாட்டு நல்ல பாட்டு" என்று சொல்லி அவர் சிரித்தார். அப்போது நான் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாடகக் குழுவோடு மொன்றியலுக்கு வந்தார். குழு உடைந்தது. ரொறன்ரோவில் எங்கள் தெருச் சேர்ச்சுக்குப் பியானோ வாசிக்க ஆள் தேவைப்பட்டது, வந்து சேர்ந்தார். ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தச் சேர்ச்சின் கீழ் மண்டபத்தில் அவருடைய நாடகம் ஒன்று நடக்கும். சேர்ச்சுக்கு வருகிறவர்களும் கட்டடத்துக்காரர்களும் நடிப்பார்கள். திரை இழுக்கிறது என் வேலை.

கட்டடத்தில் அவர் காதுக்குத் தப்பியவர் இல்லை. குப்பையைத் தவறான இடத்தில் போடுகிறவர்களைக் காவலாளி திட்டுவது ஒரு படைத்தலைவன் பாட்டாயிற்று. உங்கள் அம்மாவையும் விடவில்லை. நீங்கள் சாப்பிட வராமல் நடைபாதையில் ஓடித் திரிய, அவள் கதவில் நின்று "வாங்கோ, வாங்கோ, சோறு ஆறுது, ஓடி வாங்கோ" என்று கூப்பிடுவாள். ஒரு நாள் ஒத்திகையில் ஆறு பெண்கள் கோழி இறக்கை கட்டிக்கொண்டு அதையே பாடினார்கள்.

"என்னப்பா இது? என்னைக் கோழியாக்கிப் போட்டாரே மனுசன்!" என்றாள் அம்மா. முதலில் சிரித்தாள். அடுத்த நாள் உங்களைக் கூப்பிட வாய் திறந்தவள் பேசாமல் நின்றாள். பிறகு நடந்து வந்து கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "கூப்பிடேக்கை கோழியின்ர நினைப்பு வருகுது. வெக்கமாயிருக்கு" என்றாள். சில நாளில் அது மறந்து பழையபடி கூப்பிட்டாள். அதனால் நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அந்த வருடம் மாசியில் மணி அன்ரிக்கு ஊரிலிருந்து போன் வந்தது.

மணி அன்ரியை உங்களுக்கு நினைவிருக்கும், பின்னேரங்களில் உங்களுக்கு றோல்ஸ் தந்தவர். எனக்கு அவர் மணி அக்கா. எங்கள் பக்கத்து வீட்டில் தம்பி ரவியோடு இருந்தார். ஒரே மகன் குமரன் யாழ்ப்பாணத்தில் இருந்தான். அவனைக் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுப்பதற்கு அலைந்துகொண்டிருந்தார். அவன் ஷெல் விழுந்து செத்துப்போனான் என்றுதான் அந்தப் போன்.

உடல் இல்லை. பாடை இல்லை. சுற்றியிருந்து கட்டிப்பிடித்து அழுவதற்கு ஊர் இல்லை. ஒரு படமும் விளக்கும் மட்டும் இருந்தன. அன்ரி படத்துக்கு முன்னால் இருந்து, ஊரில் பெண்கள் அழுவதுபோல் சொல் சொல்லி அழுதார். "கொடி படருமெண்டு பந்தல் போட்டனே ராசா, பந்தலை விட்டிட்டுக் கொடி எங்கை போச்சுது ராசா" என்று. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் குரல் படியில் இருந்து விழுவதுபோல் விழும். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் ரேடியோ போடாமல் இருந்தோம்.

அன்ரியின் வீட்டுக்கு நேர் மேலே பியானோக்காரருடைய வீடு. வெந்நீர் ஓடுகிற ஹீற்றர்க் குழாய் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான்.

நாடகத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அவர் புதிதாக ஒரு பாட்டைச் சேர்த்தார். கதையில் ஒரு மேயர் வருவார், போலந்துக்காரப் பேக்கரிக்காரர் ஒருவர் அந்த வேடம் போட்டார். மேயரின் பொய்முடி தொலைந்துபோகும். மொட்டைத் தலையோடு அவர் மேடை முழுக்க ஓடித் தேட, எல்லோரும் பின்னால் ஓடிப் பாடவேண்டும். பியானோ தொடங்கியது. நான் திரைக் கயிற்றைப் பிடித்தபடி காலால் தாளம் போட்டேன். வரிக்கு வரி கடைசியில் மெட்டு உச்சிக்கு ஒரு துள்ளுத் துள்ளும். பேக்கரிக்காரர் அந்த இடத்தில் மேலே எழும்பிக் குதிப்பார்.

அம்மா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கதவடியில் நின்றாள். அவளுடைய முகம் மாறியதைக் கண்டேன்.

"இஞ்சருங்கோ" என்றாள். "உது மணி அக்காவின்ர அழுகையெல்லோ."

"விசர்க் கதை கதையாதை."

"கேளுங்கோ. ஓட்டத்தை எடுத்துப் போட்டுக் கேளுங்கோ. விழுற இடத்திலை துள்ள விட்டிருக்கு, அவ்வளவுதான்."

கேட்டேன். என் காலின் தாளம் நின்றது.

ஒத்திகை முடிந்ததும் அவரிடம் போய்க் கேட்டேன். அவர் மகிழ்ச்சியோடு திரும்பினார்.

"கண்டுபிடித்துவிட்டாயா! குழாய் வழியாக வந்தது. என்ன ஓர் இறக்கம்! அந்த அம்மா தினமும் பாடுகிறார். என்ன பாட்டு அது? சாமிப் பாட்டா?"

நான் சொன்னேன். செத்துப்போன பிள்ளைக்கு அழுகிறார் என்று சொன்னேன். அவர் பியானோ மூடியை மெல்ல மூடினார். பாட்டை நாடகத்திலிருந்து எடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"எடுக்கமாட்டேன்" என்றார்.

"ஐயா, அது சரியில்லை."

"என் நாடகம் முழுவதிலும் உண்மையான இடம் அது ஒன்றுதான். அந்த அம்மா நாடகத்துக்கு வரப்போவதில்லை. அவருக்குத் தெரியவராது. இங்கே அந்தப் பிள்ளை சாகாமல் ஓடிக்கொண்டிருக்கட்டும்."

"ஓடுவது பிள்ளை இல்லை ஐயா, மொட்டைத் தலை மேயர்" என்றேன். அதற்கு அவர் காதை நீட்டினார்.

ஒரு ஞாயிறு பின்னேரம் நாடகம் நடந்தது. திரை இழுக்கப் போகவேண்டாம் என்று அம்மா சொன்னாள். நான் போகவில்லை, வேறு ஆள் இழுத்தார். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் கட்டடத்துப் பிள்ளைகளோடு போய்விட்டீர்கள். அந்தப் பாட்டைச் சனம் திரும்பத் திரும்பக் கேட்டதாம். நீங்கள் வரும்போதே பாடிக்கொண்டு வந்தீர்கள். அடுத்த நாள் லிஃப்றில் பாட்டு, படியில் பாட்டு, உடுப்புத் தோய்க்கிற லோன்றி அறையில் பாட்டு. மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து நடைபாதையில் மேயர் மாதிரி ஓடி, அந்தத் துள்ளுகிற இடத்தில் எல்லாரும் ஒன்றாகக் குதித்தீர்கள். மணி அன்ரியின் கதவுக்கு முன்னால்தான் குதித்தீர்கள். உங்களில் பிழையில்லை, உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அன்ரி கதவைத் திறந்து பார்த்தார். பிறகு மூடினார். அன்றிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை கேட்கவில்லை.

அந்தியேட்டிக்கு முதல் நாள் அம்மா சமையலுக்கு உதவப் போனாள். அந்தியேட்டி என்பது முப்பத்தோராம் நாள் செய்கிற கடமை. அன்றைக்கு அழுது அனுப்பிவிட்டால் போன உயிருக்கு ஆறும் என்பது அன்ரியின் நம்பிக்கை. அம்மா திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்காவாலை அழ ஏலாதாம். வாய் திறந்தா அந்தப் பாட்டெல்லோ வருகுதாம். தன்ர வாயே தன்னைப் பழிக்குதெண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறா. நாளைக்குப் பிள்ளையை எப்பிடி அனுப்புறது எண்டு கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல? எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாத்தையும் சொல்லிப்போட்டன்."

அவள் சொல்லி முடிக்கவில்லை, கதவில் அடி விழுந்தது. ரவி நின்றான்.

"அண்ணை, மேலை எந்தக் கதவு?"

"எதுக்கு ரவி?"

"எதுக்கெண்டு உங்களுக்குத் தெரியும். முதலே தெரியுமாம் உங்களுக்கு. நீங்கள் சொல்லி அந்தாள் கேக்கேல்லையாம். நான் சொல்லுற விதத்திலை சொல்லுறன்."

ரவியின் அகதிக் கேஸ் அப்போது முடியவில்லை. ஒரு வயோதிபரில் கை வைத்தால் பொலிஸ் வரும், கேஸ் போகும், ஆளைத் திருப்பி அனுப்புவார்கள். பிள்ளையையும் இழந்து தம்பியையும் அன்ரி இழக்கவேண்டும். நான் கதவு நிலையில் இரண்டு கையையும் வைத்து மறித்து நின்றேன். அவன் என் சேட்டுக் கொலரைப் பிடித்தான்.

"விடுங்கோ அண்ணை. உங்கடை பிரெஞ்சு மாமாவுக்கு வக்காலத்தோ?"

"அவருக்கு இல்லையடா, உனக்கு."

அன்ரி பக்கத்துக் கதவில் வந்து நின்றார். "ரவி, கையை எடு" என்றார். குரல் கரகரத்திருந்தது. அவன் எடுத்தான்.

"அக்கா, பாட்டைக் கிழிக்கச் சொல்லட்டோ?" என்று கேட்டேன்.

"கிழிச்சா என்ர வாயிலை இருந்து போயிடுமோ தம்பி? எடுத்தவர்தானே. கொண்டுவந்து தரச் சொல்லுங்கோ. நாளைக்கு விடிய எனக்கு அது வேணும்."

நான் மேலே போய் அப்படியே சொன்னேன். அவர் கதவைப் பிடித்தபடி கேட்டார். முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"என் மனைவியும் ரயிலடியில் இதைத்தான் கேட்டாள். திருப்பித் தா என்று."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"அவள் கேட்ட விதத்தையும் ஒரு பாட்டாக்கினேன்."

எனக்கு அவரோடு அதற்குமேல் நிற்க மனம் வரவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை ஐயர் கடமையை முடித்துவிட்டுப் போய்விட்டார். பெண்கள் படத்தைச் சுற்றி இருந்தார்கள். அன்ரி நடுவில், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு இருந்தார். மற்றவர்கள் அழத் தொடங்கி, அன்ரி அழாததைக் கண்டு நிறுத்தினார்கள். ஒரு சத்தமும் இல்லை. செத்த வீட்டில் அவ்வளவு அமைதி இருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்போது கதவு தட்டப்பட்டது.

பியானோக்காரர் கறுத்தக் கோட்டோடு நின்றார். ரவி வாசலை அடைத்தான்.

"ஆர் வரச் சொன்னது?"

"நான்தான்" என்றார் அன்ரி. "விடு."

அவர் சப்பாத்தைக் கழற்றினார். சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கி, காலை மடிக்க முடியாமல் மடித்து, படத்துக்கு எதிரே இருந்தார். ரவி அவருக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் நின்றான். நான் ரவிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, என்ர பிள்ளையின்ர பேர் தெரியுமோ எண்டு கேள்" என்றார் அன்ரி.

கேட்டேன். அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"குமரன்" என்றார் அன்ரி.

"குமரான்" என்றார் அவர்.

பிறகு அந்த மெட்டைப் பாடத் தொடங்கினார். மெதுவாக. வேறு சொல் ஒன்றும் தெரியாததால் அந்தப் பெயரையே திரும்பத் திரும்பப் பாடினார். கிழட்டுக் குரல், நடுங்கியது. வரியின் கடைசியில் குரல் மேலே துள்ளியது. நாடகத்துக்கு அப்படித்தான் செய்திருந்தார், இப்போது இறக்கத் தெரியவில்லை. ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்து, பயத்தில் வாயைப் பொத்தினாள். ரவியின் மூச்சு எனக்குக் கேட்டது. அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அப்பிடியில்லை" என்றார் அன்ரி.

அவருக்குத் தமிழ் விளங்காது. ஆனால் குரல் விளங்கியது. திரும்பப் பாடினார். திரும்பவும் துள்ளியது. வியர்த்துக் கொட்டியது அவருக்கு.

"அப்பிடியில்லை! சொல்லு தம்பி அவருக்கு!" அன்ரி வாயில் இருந்த தலைப்பை இழுத்து எறிந்தார். உள்ளங்கையால் நிலத்தில் அடித்தார். "அதிலை ஏறாது! அதிலைதானே என்ர பிள்ளை விழுந்தவன்... விழுந்தவனே ராசா... பந்தல் போட்டு வைச்சனே ராசா..."

குரல் விழுந்தது. படியில் இருந்து விழுவதுபோல், முன்னர் விழுந்த அதே இடத்தில் விழுந்தது. பெண்கள் அன்ரியைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார்கள். ரவி முகத்தைச் சுவரில் வைத்தான்.

நான் பியானோக்காரரைப் பார்த்தேன். பாட்டை நிறுத்தியிருந்தார். தலை மெல்லத் திரும்பி, இடது காது அன்ரியின் பக்கம் போனது. முழங்காலில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாக, பியானோக் கட்டையை அழுத்துவதுபோல் அசையத் தொடங்கின. கடவுளே, இந்த மனிதன் திரும்பவும் எடுக்கிறான் என்று நினைத்தேன். சுவரில் இருந்து முகத்தை எடுத்த ரவியும் அந்த விரல்களைக் கண்டான். அவன் ஒரு அடி முன்னே வைத்தான்.

அவருக்கே அப்போதுதான் தெரிந்ததோ என்னவோ. தன் விரல்களைக் குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் தள்ளி, அவற்றின் மேல் தன் பாரம் முழுவதையும் வைத்து இருந்தார். அன்ரி அழுது முடியும்வரை கைகளை வெளியே எடுக்கவில்லை.